அவர்கள் காசில் போட்ட இன்வாய்ஸ்

அத்தியாயம் 17

"கம்பெனியை உன் பேருக்கே எழுதிடறேன்மா" என்று அப்பா சொல்லி எட்டு நாள் ஆகியிருந்தது. சந்தோஷத்துக்கும் தூக்கம் போகும் என்பது பெரியவளுக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

வெல்டிங் செய்கிறவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் தடித்த தோல் கையுறைகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. பத்தொன்பது வருடமாக அங்கிருந்து கப்பல் ஏறிய ஒவ்வொரு பெட்டிக்கும் இன்வாய்ஸ் அடித்தவள் அவள். விலை பேசுவது, பாங்குக்குக் காகிதம் அனுப்புவது, துறைமுகத்தில் சரக்கு மாட்டிக்கொண்டால் தொண்டை வறளப் போனில் மன்றாடுவது, எல்லாம் அவள் தலையில்தான். பெயர்ப் பலகையில் அப்பா இருந்தார். விசிட்டிங் கார்டில் 'நிர்வாக இயக்குநர்' என்று தம்பி இருந்தான். அவளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம்.

இன்று நான்கு மணிக்கு வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்து.

காலையில் கட்டிங் ஹாலுக்குள் நுழைந்தபோதே செய்தி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மேஜைகளில் தோலை விரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த கட்டிங் மாஸ்டர்கூட அவளை 'இன்வாய்ஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிப்போய் எத்தனையோ வருடம்.

"இனிமே எப்படிக் கூப்பிடறது? முதலாளியம்மான்னா?"

"சம்பளம் கேக்கும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுங்க. மத்த நேரத்துல அக்காவே போதும்."

ஹாலே சிரித்தது. மாஸ்டர் குழிவான கத்தியை விரல்நுனியில் சோதித்துப் பார்த்தார். "பெரிய ஆர்டர்ல மூணாவது லாட்டுக்கு இன்னைக்குக் கத்தி வைக்கிறோம். உங்க கையால ஆரம்பிச்சு வைங்க."

அவள் கையுறையின் கட்டைவிரலுக்கான தோல் துண்டு ஒன்றை மட்டும் வெட்டினாள். கோணலாகத்தான் வந்தது. மாஸ்டர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இதை வாங்கறவங்களுக்கு அனுப்பிடாதீங்க" என்றார்.

அந்தச் சிரிப்போடுதான் மாடியேறித் தன் மேஜைக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் பாங்கிலிருந்து ஒரு தகவல் காத்திருந்தது. பெரிய ஆர்டரின் முதல் லாட்டுக்குப் பணம் வந்துவிட்டது.

தொகையைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அந்த ஆர்டரின் கதை இதுதான். ஐந்து மாதத்துக்கு முன் தம்பி ஒரு கண்காட்சிக்குப் போய், பதினான்கு வருடமாக அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்த அதே கம்பெனியிடம் இருபதாயிரமாக மூன்று லாட், மொத்தம் அறுபதாயிரம் ஜோடிக்குக் கைகுலுக்கிவிட்டு வந்தான். இவள் எப்போதும் ஜோடி நாலு டாலருக்கு விற்றாள். இவன் நாலே கால் டாலருக்குச் சமமான விலை வாங்கி வந்திருந்தான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா பத்து வருஷமா ஏத்தாத விலையை இவன் ஒரே நாள்ல ஏத்திட்டான் பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

ஆனால் இன்வாய்ஸை டாலரில் போடக் கூடாது, வாங்குகிறவர்களின் சொந்தக் காசில்தான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

அன்றைக்கே அவள் சண்டை போட்டாள். "நாம தோல் வாங்கறது டாலர்ல. நூல் டாலர்ல. கப்பல் வாடகை டாலர்ல. விக்கறதை மட்டும் அவங்க ஊர்க் காசுல வித்தா, அது நாளைக்கு விழுந்துச்சுன்னா நம்ம கதி?"

"அதுக்குத்தான் பாங்குல ரேட்டைப் பூட்டிட்டேனே" என்றான் தம்பி. பணம் எப்போது வந்தாலும் இன்றைய விலைக்கே எடுத்துக்கொள்கிறோம் என்று பாங்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். அந்தக் காகிதத்தை அவளிடம் காட்டவும் காட்டினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதனால்தான், அந்த ஊர்க் காசு மூன்று மாதமாகச் சரிந்துகொண்டே போனபோதும் அவள் பதறவில்லை. ரேட் பூட்டிக் கிடக்கிறது, நமக்கென்ன என்று இருந்தாள்.

இருபதாயிரம் ஜோடிக்கு எண்பத்தைந்தாயிரம் டாலர் கணக்குக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தது அறுபத்திரண்டாயிரம்.

பாங்கில் வெளிநாட்டுக் கணக்குகளைப் பார்க்கும் அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"நீங்க ஏதோ தப்பா போட்டிருக்கீங்க சார். எங்களுக்கு ரேட் பூட்டியிருக்கு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அதை மூணாவது மாசமே ரத்து பண்ணிட்டாரே உங்க தம்பி."

"ரத்தா?"

"அவங்க காசு அப்போ லேசா இறங்குச்சு. அந்த நேரத்துல ரத்து பண்ணினா பூட்டின ரேட்டுக்கும் அன்னைக்கு ரேட்டுக்கும் உள்ள வித்தியாசம் கைக்கு லாபமா கிடைக்கும். நாலாயிரம் டாலர் மாதிரி எடுத்தார். 'திரும்ப ஏறிடும், அப்போ மறுபடி பூட்டிக்கலாம்'னார். நான் எவ்வளவோ சொன்னேன்மா."

"எங்களுக்கு ஏன் சொல்லலை?"

"லெட்டர் போட்டோமே! பெரியவர் பார்த்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரே. ரெண்டு மாசம் ஆச்சு."

பெரியவர் என்றால் அப்பா. ரெண்டு மாதம். அப்பா அதற்குப் பிறகு எத்தனை தடவை அவளோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்!

தம்பிக்குப் போன் போட்டாள். நான்காவது தடவை எடுத்தான்.

"ரேட்டை ஏன்டா ரத்து பண்ணினே?"

"அக்கா, இதெல்லாம் போன்லயா பேசறது? சாயங்காலம் கையெழுத்து முடியட்டும், உக்காந்து பேசலாம்."

"இருபத்திமூணாயிரம் டாலர் ஓட்டை. இன்னும் ரெண்டு லாட் இருக்கு."

"ஏறும்க்கா. விழுந்தது ஏறாமலேயா போயிடும்? நீ சும்மா எதுக்கெடுத்தாலும் பதறாதே."

வைத்துவிட்டான்.

ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஒரு ஜோடி கையுறையைத் தோலிலிருந்து அட்டைப்பெட்டிக்குள் கொண்டுவர அவர்களுக்கு ஆகும் செலவு மூன்று டாலர் எழுபது சென்ட். இன்றைய ரேட்டில் கைக்கு வருவது மூன்று டாலர் பத்து சென்ட். கீழே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் அறுபது சென்டைச் சேர்த்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

செய்வதற்கு முதலில் ஒன்றுதான் தோன்றியது. மிச்சம் இரண்டு லாட்டுக்காவது இன்வாய்ஸை டாலருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது.

வாங்கும் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கும் அம்மாளோடு அவளுக்குப் பதினான்கு வருடப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. இருவருக்குமே சொந்தமில்லாத ஒரு மொழியில் பேசிப் பேசியே, ஒருத்தி வீட்டு இருமல்கூட இன்னொருத்திக்குத் தெரியும் என்கிற அளவுக்கு வந்திருந்தார்கள்.

அந்த அம்மாள் நேராகவே சொன்னாள்.

"முடியாதும்மா. எங்க காசு விழுந்ததுல எங்களுக்கும் அடிதான். இது விழும்னு எங்களுக்கு ஒரு பயம் இருந்துச்சு. அதனாலதான் உங்க தம்பிகிட்ட ரெண்டு விலை வச்சோம். டாலர்னா நாலு, எங்க காசுன்னா நாலே கால். எதுன்னு அவரே முடிவு பண்ணட்டும்னு விட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. 'நாலே கால்'னார்."

பெரியவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கால் டாலர். அவளைவிடக் கூடுதல் விலை வாங்கி வந்தவன் என்று அப்பாவிடம் பேர் வாங்குவதற்காக, அந்தக் கால் டாலர்.

"அடுத்த வருஷத்துக்காவது கவலை இல்லை" என்றாள் பர்ச்சேஸ் அம்மாள், ஆறுதல் சொல்கிற குரலில். "அதுக்கு டாலர்தானே பேசியாச்சு."

"எதுக்கு?"

"அடுத்த வருஷ ஆர்டருக்கு. உங்க தம்பி புதுக் கம்பெனி பேர்ல விலை அனுப்பியிருக்காரே. மூணு தொண்ணூறு. டாலர் மட்டும்தான்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கார். எங்க காசை இப்போ எவனும் தொட மாட்டேங்கறான், நாங்களும் சரின்னுட்டோம். உங்களுக்குத் தெரியாதா?"

பெரியவள் அந்த விலையைக் கணக்குக் காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்" என்று அந்தக் குரல் தொடர்ந்தது. "தைக்கறது அதே ஃபாக்டரிதானா? சரக்கை நீங்கதான் பார்த்து அனுப்புவீங்களா? அவர் அப்படித்தான்னு சொல்றார். நீங்க ஒரு வரி எழுதிட்டீங்கன்னா நான் கையெழுத்துக்கு அனுப்பிடுவேன்."

விலைப்பட்டியலைத் தனக்கு அனுப்பச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் வந்தது. புதுப் பெயர், புது முத்திரை. நிர்வாக இயக்குநர் என்று தம்பியின் பெயர். கம்பெனி முகவரியாக இருந்தது, அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண்.

*

அப்பா வெளியே கிளம்பத் தயாராக, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இங்கேயே வந்துட்டியா? சேர்ந்தே போயிடலாம்."

அவள் தம்பியின் விலைப்பட்டியலை அச்செடுத்து வந்த காகிதத்தை இஸ்திரிப் பலகையின் மேல் வைத்தாள். அவர் அதைக் கையில் எடுக்கவே இல்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"உங்களுக்குத் தெரியும்."

"உக்காரும்மா."

"பாங்கு லெட்டரும் தெரியும். இதுவும் தெரியும். ரெண்டு மாசமா என்கூட உக்காந்து டீ குடிச்சீங்க."

"சொன்னா நீ சண்டைக்குப் போவே. அவன் ஏற்கெனவே நொந்து போயிருந்தான். பொண்டாட்டி பிள்ளைங்களோட எங்கேயாவது போயிடறேன்னு சொன்னான் தெரியுமா உனக்கு?"

"கையைச் சுட்டுக்கிட்டவன் அவன். மருந்து போட வேண்டியது நானா?"

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அவனுக்குன்னு ஒண்ணு வேணும்மா. பாங்குக் கடனும் இந்த நஷ்டமும் மேல இருக்கிற வரைக்கும் பழைய கம்பெனியை வச்சுக்கிட்டு அவன் தலையெடுக்க முடியாது. உனக்கு மாப்பிள்ளை சம்பாதிக்கிறார், வீடு இருக்கு. அவன் ஆர்டர் பிடிப்பான். தையல் வேலையை உன்கிட்டதான் குடுப்பான், வெளியில குடுக்க மாட்டான். ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. ஆளுங்களுக்கும் வேலை போகாது. எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்."

"ஆர்டர் அவனுக்கு. டாலர் அவனுக்கு. கடனும், விழுந்த காசும், எண்பது பேர் சம்பளமும் எனக்கு."

"அப்படி ஏன் பாக்கறே? கம்பெனி உன் பேர்ல இருக்கும். நீதானே ஆசைப்பட்டே?"

அவளுக்கு அழுகை வரவில்லை. எட்டு நாளைக்கு முன்னால் இதே அறையில், இதே மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். அந்த அழுகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தால் தேவலை என்று இருந்தது.

"ஏன்ப்பா என் தலையில கட்டறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். அன்றும் சொல்லவில்லை.

"நீ சமாளிச்சுடுவே. அவனால முடியாது. அதான்."

பத்தொன்பது வருடத்தில் அப்பா வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பாராட்டு அது.

*

வக்கீல் அலுவலகத்தில் மின்விசிறி காகிதங்களைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஏதாவது கனமான பொருளை வைத்திருந்தார்கள். தம்பி முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருக்கா. இன்னைக்கு உன் நாள்."

அவள் உட்கார்ந்தாள். வக்கீல் பேனாவை நீட்டினார்.

"கடைசிப் பத்தியைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க சார்."

"அது வழக்கமா எல்லாத்துலயும் போடறதுதானே..."

"பரவாயில்லை. வாசிங்க."

வாசித்தார். இன்றுவரை ஏற்பட்ட, இனி ஏற்படவிருக்கும் எல்லாக் கடன்களுக்கும் நஷ்டங்களுக்கும் பெற்றுக்கொள்பவரே பொறுப்பு. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன் புதுக் கம்பெனிக்கு மட்டும் டாலர்தான் வேணும்னு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டாள் அவள். குரலை உயர்த்தவில்லை.

அவன் முகம் கறுத்தது. அப்பாவைப் பார்த்தான், வக்கீலைப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் வெடித்தான்.

"ஆமா, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கென்ன? என்னைக்காவது நீ வெளியில போய் ஒரு ஆர்டர் பிடிச்சிருக்கியா? ரூம்ல உக்காந்து இன்வாய்ஸ் அடிக்கிறது யாருக்கும் வரும்!"

"நான் போன்ல பேசி முடிச்ச ஆர்டருக்குத்தான்டா நீ பிளேன் ஏறிப் போய்க் கைகுலுக்கிட்டு வந்தே. கெடுத்த ஒண்ணே ஒண்ணுதான் நீயா பிடிச்சது."

"போதும்" என்றார் அப்பா.

"போதும்ப்பா. நான் கம்பெனியை எடுத்துக்கறேன். கடனோடயே எடுத்துக்கறேன்." மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "அந்தப் பத்தியில ஒரு வரி சேருங்க. இந்த அறுபதாயிரம் ஜோடியோட நஷ்டம் மட்டும் அதைச் செஞ்சவன் பேர்ல. புதுக் கம்பெனி லாபத்துல வருஷா வருஷம் கட்டட்டும். அவசரமே இல்லை. எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

வக்கீல் அப்பாவைப் பார்த்தார். நியாயமான பேச்சு என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. தம்பி மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அப்பா பேனாவை எடுத்து மூடியைப் போட்டார்.

"அப்போ வேணாம்" என்றார். "நீ எடுத்துக்க வேணாம். விட்டுடு."

அவ்வளவுதான். அப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வர அரை நிமிடம்கூட ஆகவில்லை. மகன் தலையில் ஒரு வரி ஏறுவதைவிட, மகளுக்கு ஒன்றுமே இல்லாமல் போவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

தொழிற்சாலைக்குத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. வாசலில் கன்டெய்னர் நின்றது. இரண்டாவது லாட் பெட்டிகளை ஏற்றி முடித்துவிட்டு, இன்வாய்ஸுக்காகக் காத்திருந்தார்கள்.

மாடியேறி அதை அடித்தாள். இருபதாயிரம் ஜோடி. அவர்கள் காசில். தைத்து முடித்த சரக்கை வைத்துப் பூஜிக்க முடியாது, வந்த விலைக்குப் போகட்டும். கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் கொடுத்தாள்.

பிறகு ஒப்பந்தத்தை எடுத்தாள். மூன்றாவது லாட்டை, முப்பது நாள் முன்னறிவிப்போடு எந்தத் தரப்பும் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. வழக்கமாக எல்லா ஒப்பந்தத்திலும் அவள் சேர்க்கும் வரி. அது கப்பலேற இன்னும் முப்பத்தாறு நாள் இருந்தது. கட்டிங் ஹாலுக்கு இறங்கிப் போனாள்.

"எத்தனை வெட்டியிருக்கீங்க?"

"முந்நூறு ஜோடி இருக்கும்" என்றார் மாஸ்டர்.

"நிறுத்துங்க. மிச்சத் தோலை அப்படியே சுருட்டிக் கட்டி வைங்க. வெட்டாத தோலுக்கு இன்னமும் டாலர் விலை இருக்கு. வெட்டினா போச்சு."

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். காலையில் செய்த கேலியெல்லாம் அவர் முகத்திலிருந்து போயிருந்தது.

"யார் சொன்னதுன்னு கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"கையெழுத்து ஆயிடுச்சா அக்கா?"

"இல்லை."

அவர் கத்தியை மேஜை மேல் வைத்துவிட்டு, தோலைச் சுருட்ட ஆள் கூப்பிட்டார். கத்திச் சத்தம் மேஜை மேஜையாக நின்றது.

மேலே வந்து முதலில் மூன்றாவது லாட்டை நிறுத்துகிற அறிவிப்பை அனுப்பினாள். அடுத்து பர்ச்சேஸ் அம்மாள் கேட்ட அந்த ஒரு வரி. பொய் எழுதலாம், தம்பி பிழைத்துக்கொள்வான். எழுதாமலே விடலாம். விரல்கள் விசைகளின் மேல் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தன. பிறகு அடித்தாள்: 'புதுக் கம்பெனியில் நான் இல்லை. அந்தச் சரக்கை நான் பார்த்து அனுப்ப மாட்டேன்.'

பதில் உடனே வந்தது. அந்த ஊரில் அப்போது மதிய இடைவேளையாக இருக்க வேண்டும்.

'அப்படியானால் அந்த ஆர்டரை நிறுத்திவைக்கிறேன். ஆனால் எனக்குக் கையுறை வேண்டும். நீங்கள் தனியாகச் செய்து தருவதாக இருந்தால் என்ன விலை சொல்வீர்கள்? எந்தப் பணத்தில்?'

எந்தப் பணத்தில் என்பதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. விலையும் இருந்தது. பழக்கத்தில் கை தானாகப் போய்ப் புது விலைப்பட்டியல் ஒன்றைத் திறந்தது. மேலே, விற்பவரின் பெயர் என்ற கட்டத்தில் கர்சர் கோடு கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டத்தில் யோசிக்காமல் அப்பாவின் கம்பெனிப் பெயரை அடித்தவள், இன்று போடுவதற்கு ஒரு பெயர் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தையல் இயந்திரம் இல்லை, கூரை இல்லை, பாங்கில் கணக்கு என்று சொன்னால் சம்பளம் விழுகிற கணக்குதான்.

'மூன்று நாள் கொடுங்கள்' என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

கீழே கேட் திறக்கும் சத்தம். கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கட்டிங் ஹாலிலிருந்து தம்பியின் குரல் மாடிவரை வந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? எடுங்கய்யா கத்தியை!"

ஒரு கத்தியும் சத்தம் போடவில்லை.

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

பெரியவள் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். வாசலில் வேறொரு காரின் கதவு திறந்தது. மெதுவாக மூடியது. அப்படி மெதுவாக மூடுகிறவர் அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான்.

அப்பாவும் வந்திருக்கிறார்.

அவள் எழுந்து படியிறங்கினாள்.